கோழிப் பாதப் புண்ணுக்குத் தானே ஒட்டும் பேண்டேஜ்: வாங்கலாமா?

கோழியின் பாதப் புண்ணுக்குக் கட்டுப்போட, வெள்ளை பிளாஸ்திரியைவிடத் தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜ் எவ்வளவோ மேல். தோலிலும் செதிலிலும் ஒட்டாது. பிரிக்கும்போது கோழி துடிக்காது. 5 செ.மீ. அகலச் சுருளாக வாங்கி, நீளவாக்கில் மூன்றாக வெட்டிக்கொள்ளுங்கள். முழு அகலம் விரலிடுக்கில் நுழையாது.

கட்டுமுன் காலைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பாதத்தின் நடுவில் துவரம்பருப்பு அளவு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சூடு, வீக்கம் என்றால் அது சீழ்க்கட்டு. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் வேலை. கால் செதில்கள் தூக்கி, வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அது செதில் பூச்சி. அதற்கு இந்தக் கட்டு வீண்.

வெதுவெதுப்பான நீரில் 10-15 நிமிடம் காலை ஊறவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, பொவிடோன் அயோடின் களிம்பு தடவி, மடித்த காஸ் துணியை வைத்து, விரலிடுக்கு வழியாகக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றுங்கள். இழுத்துச் சுற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. சுற்றிய பிறகு இது இன்னும் இறுகும். அரை மணி கழித்து விரல்கள் சில்லிட்டோ வீங்கியோ இருந்தால் உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

குறையும் உண்டு. ஈரத்தரையில் ஒரே நாளில் அழுக்கேறி நைந்துவிடும், தினமும் மாற்றவேண்டும். உள்ளே சீழ் இருந்தால் கட்டு மட்டும் ஆற்றாது. கோழிச் சீழ் வடியாமல் பனீர்போல் கெட்டிப்படும். நோண்டாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூண்டுக்குள் அடையும் கம்பு உயரமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால், ஆறிய இடத்திலேயே புண் திரும்ப வரும்.