கிராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு: நிக்கான் 24-120 எஃப்/4 லென்ஸோடு ஒரு வருடம்

திருப்பரங்குன்றத்தில் நடந்த என் சித்தி மகளின் திருமணத்தை, வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத ஃபுல் ஃபிரேம் கேமராவில்தான் (படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கு இருப்பது) எடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஆல்பம் வடிவமைக்கும் தம்பி தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, படமெல்லாம் சின்னதா இருக்கே, 12-க்கு 36-ல விரிச்சா உடைஞ்சிரும்ணே" என்றார். கோப்புகளைத் திறந்து பார்த்தபோது ஒவ்வொன்றும் 3936-க்கு 2624 பிக்சல் என்று காட்டியது. கேமரா தரக்கூடியதோ 6016-க்கு 4016. 24 மெகாபிக்சல் என்ற நம்பிக்கையில் ஒரு முகூர்த்தம் முழுவதையும் 10 மெகாபிக்சலில் எடுத்து முடித்திருந்தேன்.

நடந்தது இதுதான். அதுவரை நான் வைத்திருந்தது நிக்கான் டி7200 என்ற கிராப் சென்சார் கேமரா, அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு டி750-க்கு மாறினேன். இரண்டாம் கைதான், 2014-இல் வெளிவந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதாவது என் டி7200-ஐ விடச் சில மாதம் மூத்தது. லென்ஸை மட்டும் மாற்றவில்லை. டி7200-இல் கல்யாணங்களுக்கென்றே வைத்திருந்த 17-55 எஃப்/2.8 டி.எக்ஸ். லென்ஸையே புதிய பாடியிலும் மாட்டினேன். டி.எக்ஸ். என்பது கிராப் சென்சாருக்கென்றே நிக்கான் செய்யும் லென்ஸ்; 17-55 என்பது மி.மீ.-இல் அதன் குவியத் தூரம் (எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவு நெருங்கும்); எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும். நிக்கானில் டி.எக்ஸ். லென்ஸ் ஃபுல் ஃபிரேம் பாடியில் சிரமமில்லாமல் மாட்டிக்கொள்ளும். மாட்டியவுடன் கேமரா அதை அடையாளம் கண்டு, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றியுள்ளதை வெட்டிவிடும். வ்யூஃபைண்டருக்குள் ஒரு மெல்லிய கட்டம் தெரியத்தான் செய்தது. மேளச் சத்தத்திலும் அட்சதைத் தள்ளுமுள்ளுவிலும் அதை நான் பொருட்படுத்தவில்லை. கணக்குப் பார்த்தால், 36 அங்குல விரிப்பில் அங்குலத்துக்கு 109 பிக்சல்தான் விழுகிறது. அதே லென்ஸைப் பழைய டி7200-இல் போட்டு எடுத்திருந்தால் 166 விழுந்திருக்கும். பணத்தைக் கொட்டி, இருந்ததைவிடக் குறைவானதை வாங்கிக்கொண்டேன். கேனானின் பழைய ஃபுல் ஃபிரேம் எஸ்.எல்.ஆர். பாடிகளில் கிராப்புக்கான இ.எஃப்.-எஸ். லென்ஸ் மாட்டவே மாட்டாது. அந்த வகையில் கேனான்காரர்களுக்கு விஷயம் கடையிலேயே தெரிந்துவிடும்.

மெனுவில் தானியங்கி டி.எக்ஸ். கிராப்பை அணைத்துவிட்டால் என்ன என்று பிறகு சோதித்தேன். 17-55 லென்ஸ் அகலக் கோணத்தில் மூலைகளைக் கறுப்பாக்கிவிடுகிறது. விசித்திரமாக, 35 எஃப்/1.8 டி.எக்ஸ். லென்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. மூலைகள் இருண்டாலும் நடுவில் ஆள் நிற்கும் படங்களுக்கு அது குறையாகத் தெரிவதில்லை. ஆனாலும் அதை நம்பி ஒரு பாடியை வாங்க முடியாது. ஆகவே லென்ஸ் தேடும் படலம் தொடங்கியது.

தேடலில் என்னை அதிக நாள் குழப்பியது எஃப்/2.8-ஆ, எஃப்/4-ஆ என்ற கேள்வி. கல்யாணம் எடுப்பவர்களிடம் எஃப்/4 ஜூம் என்று சொன்னாலே முகம் சுளிப்பார்கள். எஃப்/2.8-இலிருந்து எஃப்/4-க்குப் போவது ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியை, இழப்பது என்பது உண்மை. ஆனால் சென்சாரின் பரப்பும் கூடவே மாறுகிறது. கிராப் சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ.; ஃபுல் ஃபிரேம் ஏறக்குறைய 36-க்கு 24 மி.மீ., அதாவது பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். ஒளி உணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வை ஒரு ஸ்டாப் கூட்டினாலும் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் ஏறக்குறையப் பழைய அளவில்தான் இருக்கும். பின்புலம் மங்குவதும் அப்படியே: கிராப்பில் எஃப்/2.8 தருவதை ஃபுல் ஃபிரேமில் எஃப்/4-ஐ ஒட்டியே பெறலாம். பார்வைக் கோணத்தில் கிராப்பின் 17-55 என்பது, 1.5-ஆல் பெருக்கினால், ஃபுல் ஃபிரேமின் 25-82 போன்றது. எனவே 24-120 எஃப்/4 என்பது என் பழைய 17-55 எஃப்/2.8-இன் வேலையைச் செய்துகொண்டு, ஒரு பக்கம் கொஞ்சம் அகலமும் மறுபக்கம் நல்ல நீளமும் கூடுதலாகத் தருகிற லென்ஸ். எடையும் ஏறக்குறைய அதுவே (அது 755 கிராம், இது 710). இரண்டுக்கும் ஃபில்டர் அளவு 77 மி.மீ. என்பதால் கையிலிருந்த போலரைசர் அப்படியே பயன்பட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இருட்டில் நன்றாக எடுக்க வேண்டும் என்பதற்காகவே ஃபுல் ஃபிரேமுக்கு மாறுகிறவர், கிராப்பில் எஃப்/2.8 வைத்திருந்து இங்கே எஃப்/4 வாங்கினால், இருட்டு விஷயத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அந்த ஆதாயம் வேண்டுமென்றால் எஃப்/2.8-ஐயே தொடர வேண்டும், அல்லது ஜூம் இல்லாத பிரைம் லென்ஸுக்குப் போக வேண்டும். 24-70 எஃப்/2.8-ஐத் தூக்கிப் பார்த்தேன். 900 கிராம், விலையும் அதற்கேற்ற கனம். பிரைம் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

24-120 வாங்கிய கதையில் ஒரு சறுக்கல் உண்டு. நகரின் நடுவில் உள்ள ஒரு கடையில் இரண்டாம் கை லென்ஸ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, வேலை முடிந்த கையோடு நேராகப் போனேன். என் டி750 வீட்டில் இருந்தது. கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு கிராப் பாடியில் மாட்டிக் கொடுத்தார். எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாள், நட்சத்திரம், ராகு காலம் வரை பளிச்சென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்ததில் பூஞ்சையும் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து டி750-இல் போட்டு மொட்டைமாடிச் சுவரை எடுத்தபோதுதான், வலப்பக்கக் கடைசிச் செங்கல் வரிசை மட்டும் தண்ணீருக்குள் இருப்பது போலக் குழைந்து தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருந்தது. கிராப் சென்சார் லென்ஸின் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கிறது. ஓரத்தில் இருக்கும் குறை எதுவும் அதன் கண்ணில் படாது. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால், "நீங்க பாத்துத்தானண்ணே வாங்குனீங்க" என்று பதில் வந்தது. வாதாடி, கொஞ்சம் பணம் இழந்து, வேறொரு பிரதியை மாற்றி வாங்கினேன். இந்த முறை டி750-ஐக் கையோடு கொண்டுபோய், 24-இல் அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுவதும் திறந்து, நான்கு மூலைகளையும் பார்த்த பிறகே பையில் போட்டேன்.

நல்ல பிரதியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் நின்று 24-இல் எடுத்தால், ஓரத்தில் வரும் தூண் தெளிவாக வெளிப்பக்கம் வளைகிறது. அந்தத் தூண்களின் பருமனுக்கு அந்த வளைவு இன்னும் உறுத்தலாகத் தெரிகிறது. நிமிர்ந்து நிற்க வேண்டியது பானை போல் பிதுங்குகிறது. கேமராவிலேயே தானியங்கித் திருத்தம் உண்டு, ஆனால் அது ஜே.பி.ஜி.-க்கு மட்டும், கேமரா திருத்தாத ரா கோப்பில் எடுப்பவர்கள் கணினியில் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால், தூணை விளிம்பில் ஒட்டி வைக்காமல் சற்று இடம் விட்டு எடுக்கப் பழகிக்கொண்டேன். எஃப்/4-இல் மூலைகளும் கணிசமாக இருள்கின்றன; மகாலின் வெள்ளைச் சுவர்களில் இது அப்பட்டமாகத் தெரியும். எஃப்/8-க்குப் போனால் பெரும்பாலும் மறைந்துவிடும். 35-ஐத் தாண்டிவிட்டால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்றாலும், ஆட்கள் இருக்கும் படங்களில் யாருக்கும் தெரியாது.

இந்த லென்ஸ் தன் விலையை நியாயப்படுத்தியது தைப்பூசத்தன்று வண்டியூர்த் தெப்பக்குளத்தில். கரையிலிருந்து மைய மண்டபம் ஏறக்குறைய 500 அடி தள்ளி இருக்கிறது. 120-இல் அந்தத் தொலைவில் சுமார் 150 அடி அகலம் படத்துக்குள் வரும். விளக்கொளியில் மண்டபமும் அதைச் சுற்றி வரும் தெப்பமும் ஒன்றாக அடங்கின. அடுத்த நொடியே 24-க்குத் திருப்பினால் கரைச் சுவரும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டமும் கிடைத்தன. தெப்பம் மெதுவாகத்தான் நகரும் என்பதால், நடுக்கத்தைத் தாங்கும் வி.ஆர். வசதியை நம்பி ஷட்டரை நொடியில் முப்பதில் ஒரு பங்குவரை இறக்க முடிந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் லென்ஸை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் இறக்க இடம் இருக்காது, போதாக்குறைக்குத் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் வேறு. அங்கே ஒரே ஜூம் என்பது வசதி மட்டுமல்ல, கேமராவுக்குப் பாதுகாப்பும்கூட.

எடையைச் சுமக்க விரும்பாதவர்கள் 24-85 எஃப்/3.5-4.5 வி.ஆர். லென்ஸைப் பார்க்கலாம். 465 கிராம்தான், இரண்டாம் கையில் மலிவு. வீட்டு விசேஷங்களுக்கும் பயணத்துக்கும் அதுவே போதும் என்பது என் எண்ணம்.

அகல லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஃபுல் ஃபிரேம் வந்துவிட்டது, இனி ஆயிரங்கால் மண்டபத்தை அகலமாக எடுக்கலாம் என்று 14-24 வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு: மீனாட்சியம்மன் கோவிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. வெளியே சித்திரை வீதியில் நின்று அண்ணாந்து எடுத்தால், எவ்வளவு அகலமாகப் போகிறீர்களோ அவ்வளவு கோபுரம் பின்னால் சாயும். 24-க்குக் கீழே எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

பழைய 50 எஃப்/1.8டி இந்த மாற்றத்தில்தான் உயிர் பெற்றது. கிராப்பில் அது 75 போல நடந்துகொண்டதால், கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் பாதி ஆள்தான் வருவார். இப்போது அதே அறையில் அலங்கரிக்கும் அக்காவும் மணப்பெண்ணும் கண்ணாடியில் தெரியும் அம்மாவும் ஒரே படத்தில் அடங்குகிறார்கள். எஃப்/1.8-இல் ஓரங்கள் குழைகின்றன. கிராப்பில் நான் இதைக் கண்டதே இல்லை. எஃப்/2.8-இல் வைத்தால் குறை சொல்ல முடியாது.

85 எஃப்/1.8ஜி கிராப்பில் 127 போல ஆகிவிடும் என்பதால் அதுவரை வாங்காமல் இருந்தேன். 17-55-ஐ விற்ற பணத்தில் இதை வாங்கினேன். நான் செய்த செலவுகளில் மிகச் சரியானது இது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியும் முன், குண்டு பல்பு வெளிச்சத்தில் மல்லிகையை அள்ளி நிறுக்கும் கைகளை எஃப்/2-இல் எடுத்தபோது, ஐ.எஸ்.ஓ. 3200-இலும் ஈரச் சாக்கின் நூல் தெரிந்தது. பின்னாலிருந்த பல்புகள் உருண்டை உருண்டையாக மங்கி நின்றன. டி7200-இல் இந்தப் படம் கிடைத்திருக்காது என்று தயங்காமல் சொல்வேன். ஃபில்டர் அளவு 67 மி.மீ.; என்னிடமிருந்த 70-300-க்கும் அதே அளவுதான்.

அந்த 70-300 விஷயத்தில் மட்டும் இழப்புதான். கிராப்பில் அது 450 வரை எட்டியது. டி750-இல் 300 என்பது 300-தான். அலங்காநல்லூரில் கேலரியில் இருந்து வாடிவாசலைப் பார்க்கும்போது, காளை வெளியே பாயும் அந்த ஒரு நொடியில் இந்த வித்தியாசம் வலிக்கும். போதாததற்கு 300-இன் ஓரங்களும் மென்மையாகத் தெரிகின்றன. டி750-ஐ வேண்டுமென்றே டி.எக்ஸ். கிராப்பில் வைக்கலாம், ஆனால் அதே பரப்பில் டி7200 24 மெகாபிக்சலைப் பதிக்கும்போது இது 10-ஐத்தான் பதிக்கிறது. அரிட்டாபட்டிப் பாறைகளில் வல்லூறு பார்க்கப் போகிறவருக்கு நான் சொல்வது, லென்ஸைவிட முதலில் பழைய கிராப் பாடியை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். என் டி7200 இன்றும் 70-300-ஓடு நிரந்தரமாகப் பூட்டிக் கிடக்கிறது.

நாளை நிக்கானின் இசட் வரிசை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடிக்கு மாறினால், 24-120, 85, 70-300 மூன்றும் பழைய லென்ஸ்களை அதில் மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டரில் தானாகவே ஃபோகஸ் ஆகும், ஏனெனில் அவற்றில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 50 எஃப்/1.8டி பாடியில் உள்ள திருகு மோட்டாரை நம்பியது. அந்த அடாப்டரில் அது இல்லை. அதை மட்டும் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.