லாங்ஹார்ன் ஹூடி என்று சொல்லி 438 டாலரைச் சுருட்டிவிட்டார்கள்: டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோர் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும், விடு" என்று எனக்கே தோன்றிவிடும்.

நேற்று மாலை வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நான் புகார் கொடுத்தபோது தற்காலிகமாக வரவு வைத்திருந்த 438 டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். பொருள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு விற்பனையாளர் சான்று கொடுத்துவிட்டாராம். வந்து சேர்ந்தது உண்மைதான். என்ன வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பையன் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. அந்தப் பல்கலைக்கழக அணிக்குப் பெயர்தான் லாங்ஹார்ன்ஸ், நீண்ட கொம்புக் காளைத் தலை அதன் சின்னம். நாங்கள் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். இங்கே கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊரிலிருந்து படிப்பவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆஸ்டின் ஸ்டேடியத்தில் லட்சம் பேர் உட்காரலாம். உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் அணியின் நிறமான பர்ன்ட் ஆரஞ்சில் இருப்பார்கள். பழுப்பு கலந்த அடர்ந்த ஆரஞ்சு அது. இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியோடு நடக்கும் ஆட்டம் என்றால் சொல்லவே வேண்டாம். 2012-இல் ஏ அண்ட் எம் வேறு லீகுக்குப் போனதும் நின்றுபோன அந்த மோதல், டெக்சாஸும் அதே லீகில் சேர்ந்த பிறகு 2024-இல்தான் மறுபடி தொடங்கியது. இந்த முறை ஆட்டம் ஆஸ்டினில். டாலஸிலிருந்து மச்சினனும் குடும்பத்தோடு வருவதாகப் பேச்சு. எல்லோரும் ஒரே மாதிரி ஹூடி போட்டுக்கொண்டு போகலாம் என்று மனைவிதான் யோசனை சொன்னாள். பையனுக்கு மட்டும் ஹூடி வேண்டாம், டெக்சாஸ் ஆட்டக்காரர் ஆர்ச் மேனிங்கின் 16-ஆம் எண் ஜெர்சிதான் வேண்டும்.

ஆஸ்டின் குவாடலூப் தெருவில் பல்கலைக்கழக உடுப்புகள் விற்கும் யுனிவர்சிட்டி கோ-ஆப் கடை இருக்கிறது, 1896-இல் தொடங்கியது. அங்கே போய் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பையனை அனுப்பினோம். பெரிய ஆட்டத்துக்கு முந்தைய வாரங்களில் என்ன மிச்சம் இருக்கும்? குழந்தை அளவும் எக்ஸ்ட்ரா ஸ்மாலும். மச்சினன் உடம்புக்கு டபுள் எக்ஸ் எல் வேண்டும். ஹூஸ்டன் கடைகளிலும் அதே கதைதான், அங்கே பாதி ரேக் ஏ அண்ட் எம் அணியின் மெரூன் நிறம் வேறு.

அந்த நேரத்தில்தான் சமூக வலைத்தளத்தில் அந்த விளம்பரம் வந்தது. கல்லூரி விளையாட்டு உடுப்புகள் மட்டும் விற்கும் ஓர் இணையக் கடை. "அதிகாரப்பூர்வ உரிமம் பெற்றது", "டெக்சாஸ் கிடங்கிலிருந்து நேரடியாக" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மலிவுக்கு ஆசைப்பட்டுப் போனேன் என்று நினைக்க வேண்டாம். ஹூடி ஒன்று 65 டாலர், ஐந்து ஹூடி. ஜெர்சி 113. கடையில் கொடுக்கும் விலையை ஒட்டித்தான் இருந்தது. பாதி விலை என்று போட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வாங்குவதற்கு முன்னால் சாட்டில் கேட்டேன். "உரிமம் பெற்ற பொருள்தானா? ஹாலோகிராம் இருக்குமா?" உடனே ஒரு படம் வந்தது. சட்டைக் கழுத்தில் தொங்கும் அட்டை, அதில் மின்னும் வெள்ளி ஸ்டிக்கர். "உங்கள் பிள்ளை எந்த வருடம்?" என்று விசாரிப்பு. முதலாம் ஆண்டு என்றேன். "ஆட்டத்துக்கு முன்னால் கட்டாயம் வந்துவிடும், ஹுக் எம்!" என்று டெக்சாஸ் ரசிகர்களின் கோஷத்தோடு எழுதி, ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பாக நீட்டும் கைப்படமும் போட்டாள் அந்தப் பெண். பெண்ணோ ஆணோ இயந்திரமோ, யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த ஒரு வரியில் நான் விழுந்தேன். அந்தச் சைகை இங்கே ரோட்டில் எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்கூட நம் காரின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுக் காட்டுவது. நம்ம ஆள் என்று நினைத்துவிட்டேன். 438 டாலர்.

இந்த உரிமம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரிப் பெயரையும் சின்னத்தையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்க முடியாது. பில் பேட்டில் என்ற முன்னாள் ஃபுட்பால் பயிற்சியாளர் 1981-இல் காலேஜியேட் லைசென்சிங் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார், சுருக்கமாக சி.எல்.சி. முதல் வாடிக்கையாளர் அலபாமா பல்கலைக்கழகம். இன்று டெக்சாஸ் உட்பட ஏராளமான பல்கலைக்கழகங்களின் சின்னங்களுக்கு உரிமம் கொடுக்கும் வேலையை அவர்கள்தான் பார்க்கிறார்கள். தயாரிப்பாளர் உரிமம் வாங்க வேண்டும், மாதிரிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், விற்றதில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டும். அதற்கு அடையாளம்தான் அந்த ஹாலோகிராம்.

நீதிமன்றமும் இதில் கறார்தான். லூசியானா ஸ்டேட் முதலான பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், அணியின் நிறங்களையும் ஆட்டத்தைப் பற்றிய குறிப்புகளையும் வைத்து டி-சர்ட் விற்றதே மீறல்தான் என்று ஐந்தாம் சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொன்னது. டெக்சாஸும் அந்த நீதிமன்ற எல்லைக்குள்தான் வருகிறது. கொம்பை அறுத்த காளையை டி-சர்ட்டில் போட்டு விற்ற ஏ அண்ட் எம் ஊர்க் கடை மீது டெக்சாஸ் பல்கலைக்கழகம் வழக்கே போட்டிருக்கிறது. ஆட்டக்காரர் பெயர் போட்ட ஜெர்சி என்றால் இன்னும் ஒரு படி மேலே. 2021 ஜூலைக்கு முன்பு கல்லூரி ஜெர்சியில் எண் மட்டும்தான் போட்டு விற்பார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம் என்று விதி மாறிய பிறகுதான் பெயரும் வந்தது, பெயருக்கு உரியவருக்குக் காசும் வந்தது. நாம் கூடுதல் விலை கொடுப்பதே இதற்கெல்லாம் சேர்த்துத்தான். அந்தக் காசில் ஒரு சென்ட் கூட இவர்கள் யாருக்கும் போகவில்லை.

பார்சல் ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்தது. சாம்பல் நிற பிளாஸ்டிக் பையில், ஆறு உருப்படியையும் சுருட்டித் திணித்து. பையைக் கிழித்ததும் மண்ணெண்ணெய் போல ஒரு மை வாடை. நான் திருப்பூர்க்காரன். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பள்ளி விடுமுறையில் செக்கிங் டேபிளில் நின்று பிசிறு வெட்டியவன் நான். என்னிடமே இதை அனுப்பியிருக்கிறார்கள்! எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்று கழித்துக் கட்டுகிற சரக்குகூட இதைவிடத் தேவலாம். ஓவர்லாக் தையலில் பாதி இடத்தில் நூல் தொங்குகிறது. நிறம் பர்ன்ட் ஆரஞ்சே இல்லை, பளீரென்று டென்னசி அணியின் ஆரஞ்சு. காளைத் தலையில் ஒரு கொம்பு மற்றதைவிட நீளம். ஹூடியை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தால் பிரின்ட் வெடிக்கிறது.

கழுத்து லேபிளில் "100 சதவீதம் பருத்தி". அடி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாடை வரும், தொட்டால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாக உருண்டு விரலைச் சுட்டது. சுத்தமான பாலியெஸ்டர். அமெரிக்காவில் விற்கும் துணியில் நூல் வகை, தயாரித்த நாடு, தயாரிப்பாளர் பெயர் அல்லது ஆர்.என். என்கிற பதிவு எண் இருந்தே ஆக வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதில் நாடும் இல்லை, எண்ணும் இல்லை. ஹாலோகிராம்? அட்டையில் சாம்பல் நிறத்தில் அச்சடித்த ஒரு வட்டம். எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறவில்லை. ஹாலோகிராமின் புகைப்படத்தை எடுத்து ஸ்டிக்கராக அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, கேட்போம் என்று அதே சாட்டுக்குப் போனேன். ஹுக் எம் சொன்ன பெண் இப்போது "ஆர்டர் எண்ணைத் தரவும்" என்றாள். தந்தேன். நிற வித்தியாசம் "உங்கள் திரையின் வெளிச்சத்தைப் பொறுத்தது" என்றாள். காளைக் கொம்பும் திரை வெளிச்சத்தில்தான் நீண்டதா அம்மணி என்று கேட்டேன். பதில் இல்லை.

அடுத்த நாள் மின்னஞ்சல். பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் திருப்பித் தருகிறோம். முடியாது என்றேன். 20 சதவீதம். முடியாது. 35 சதவீதம், "உங்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு மேலாளரிடம் சிறப்பு அனுமதி பெற்றோம்." காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிற மாதிரி. முழுப் பணம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும், அப்படியானால் பொருளைத் திருப்பி அனுப்புங்கள் என்று கடல் கடந்த ஒரு முகவரி வந்தது. டெக்சாஸ் கிடங்கு எங்கே போனது? தபால் செலவு என்னுடையதாம். விசாரித்தேன், 100 டாலருக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் "தரப் பரிசோதனை" செய்துதான் முடிவு சொல்வார்களாம். போலிச் சரக்கை அனுப்பியவர் தரப் பரிசோதனை செய்கிறார்!

விளம்பரம் காட்டிய வலைத்தளத்தில் புகார் செய்தேன். "இந்த விளம்பரம் எங்கள் விதிமுறைகளை மீறவில்லை." ஒரே வரி.

கடைசியாக வங்கி. கடன் அட்டையில் வாங்கியதால் பணம் எப்படியும் வந்துவிடும் என்ற தைரியத்தில் இருந்தேன். கடைக்காரன் அங்கே கொடுத்த பதில் என்ன தெரியுமா? பொருள் சேர்ந்துவிட்டது, பகுதித் தொகை தருவதாகச் சொன்னோம், திருப்பி அனுப்பவும் வழி கொடுத்தோம், வாடிக்கையாளர்தான் மறுக்கிறார். அந்த 15, 20, 35 எல்லாம் எனக்கு இரக்கப்பட்டு எழுதியதில்லை, வங்கிக்குக் காட்டுவதற்காகவே எழுதியது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் தங்கமாகப் பேசினார், "உங்கள் வருத்தம் புரிகிறது" என்று நொடிக்கொரு தரம் சொன்னார். ஆனால் போலி என்று நான் சொன்னால் போதாதாம். சின்னத்தின் உரிமையாளரோ, அரசுத் துறையோ, நடுநிலையான நிபுணரோ எழுதித் தர வேண்டுமாம். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் தொட்டுப் பார்த்தே எழுதிக் கொடுத்திருப்பார். 438 டாலர் என்பது பையனின் ஒரு செமஸ்டர் புத்தகச் செலவு.

மேல்முறையீடு செய்கிறேன். உரிமம் பார்க்கிறவர்களுக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி.யின் மோசடிப் புகார்ப் பக்கத்திலும் பதிந்தாயிற்று.

விரிவாக ஒரு வழிகாட்டி எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கைக்கு வந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் உரிமப் பக்கத்தில் யாருக்கெல்லாம் உரிமம் உண்டு என்று தேடிப் பார்க்காமல் புதுக் கடையில் வாங்காதீர்கள். ஹாலோகிராம் படத்தை நம்பாதீர்கள், பொருள் கைக்கு வந்ததும் சாய்த்துப் பாருங்கள். பகுதிப் பணம் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதோடு வழக்கு முடிந்தது என்பார்கள். சாட்டையும் விளம்பரத்தையும் அன்றைக்கே படமெடுத்து வையுங்கள், என் சாட் இப்போது அழிந்துவிட்டது. கடன் அட்டைப் புகாரை, பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்தில் கொடுங்கள். பெரிய சந்தைத் தளங்களில் அதிகம் விற்பவர்களின் விவரத்தைக் காட்ட வேண்டும் என்று இன்ஃபார்ம் சட்டம் 2023 ஜூனில் அமலுக்கு வந்தது, ஆனால் தனியாக இணையக் கடை போட்டு விற்பவனை அது தொடாது. ஆட்ட நாள் நெருக்கத்தில் வாங்கவே வாங்காதீர்கள், பழைய டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம்.

இன்னொன்று. இன்று காலை என் மனைவியின் போனில் அதே விளம்பரம் வந்தது. கடைப் பெயர் வேறு. அதே ஹூடி, அதே மாடல், அதே ஹாலோகிராம் படம், நிறம் மட்டும் மெரூன். ஏ அண்ட் எம் பெற்றோர்களே, மைதானத்தில் நமக்குள் ஆயிரம் இருக்கும், இதை மட்டும் தயவுசெய்து உங்கள் குழுவில் போட்டுவிடுங்கள்.