சீன வைத்தியம்: தைவானில் காப்பீடு, சிங்கப்பூரில் கைக்காசு

முழங்கால் வலிக்கு அக்குபங்சர் செய்துகொள்ளப் போகிறவர் தைபேயில் காப்பீட்டு அட்டையை நீட்டுவார். சிங்கப்பூரில் பர்ஸைத் திறப்பார். வைத்தியம் ஒன்றுதான். ஆனால் காசு யாருடையது என்பதைப் பொறுத்து நோயாளியின் மனசே மாறிவிடுகிறது.

தைவானில் 1995-இல் தேசிய நலக் காப்பீடு தொடங்கியபோதே சீன வைத்தியமும் அதில் சேர்ந்துவிட்டது. கிளினிக்கில் நோயாளி கட்டுவது பதிவுக் கட்டணமும், தன் பங்காக 50 தைவான் டாலரும், மருந்து விலையைப் பொறுத்து அதற்குக் கொஞ்சமும். கைக்கு வருவது மூலிகைச் சாற்றை உலர்த்திய தூள், வேளைக்கு ஒரு சின்னப் பொட்டலம். வாயில் கொட்டி வெந்நீர் குடித்தால் வேலை முடிந்தது. வீட்டில் காய்ச்சும் மூலிகை வேண்டுமென்றால் அதற்குக் காப்பீடு இல்லை. கஷாயம்தான் நன்றாகக் கேட்கும் என்று சொந்தக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு.

சிங்கப்பூரில் மெடிசேவில், அதாவது மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் கட்டாயச் சேமிப்பில், பணம் இருந்தாலும் சீன வைத்தியரிடம் போய்வர அதைத் தொட முடியாது. சில கம்பெனிகள் ஊழியர்களுக்கு அந்தச் செலவைக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். வசதியில்லாதவர்களுக்கென்று 1867-இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இருக்கிறது. எந்த இனத்தவரும் போகலாம்.

என்னை உறுத்துவது செலவு மட்டும் அல்ல. தைவானில் காப்பீட்டில் வாங்கிய சீன மருந்தும் நோயாளியின் பதிவில் ஏறும், ஆஸ்பத்திரி டாக்டர் அதைப் பார்க்கலாம். இங்கே சிங்கப்பூரில் நோயாளி வாய் திறந்தால்தான் உண்டு. எங்கள் புளோக்கில் ஒரு சீன ஆன்ட்டி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், கோழி சூப்பில் தாங் குய் வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தார். “டாக்டரிடம் சொன்னீர்களா ஆன்ட்டி?” என்றேன். “இது மருந்தா என்ன? சூப்புதானே!” என்றார். அந்த வேர் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

சமையலறைச் சூப்பு எந்த ஊரிலும் பதிவில் ஏறாது, சரி. ஆனால் வைத்தியர் கொடுத்ததையாவது கூச்சமில்லாமல் சொல்லும் பழக்கம் தைவான் முறையில்தான் வளரும் என்று நினைக்கிறேன். எல்லா மூலிகைக்கும் பொதுப்பணம் கொடுக்கச் சொல்லவில்லை, பலவற்றுக்குச் சான்று போதாது. நாள்பட்ட முதுகுவலிக்கான அக்குபங்சருக்காவது மெடிசேவைத் திறக்கலாம். அதைச் செய்கிறவர்கள் 2000-ஆம் ஆண்டுச் சீன வைத்தியர் சட்டப்படி பதிவு பெற்றவர்கள்தானே.