நீராவி இஞ்சின் பாய்லர்: காயவைப்பதா, நீர் நிரப்புவதா, ஓட்டுவதா?

ஊட்டி மலை ரயில் நம்ம சேலம் கோட்டத்தில்தான் வருகிறது. அதனால் பழைய இஞ்சின்களின் பாய்லரை எப்படிக் காப்பது என்பது சேலத்துக்காரர்களுக்கு அடுத்த ஊர் விவகாரம் அல்ல.

காட்சிக்கு மட்டும் நிற்கும் இஞ்சின் என்றால், உள்ளே ஈரமே இல்லாமல் காயவைப்பதுதான் சரி. தண்ணீரை வடித்துவிட்டால் மட்டும் போதாது. நெருப்பு எரியும் ஃபயர் பாக்ஸைச் சுற்றியுள்ள இரட்டைச் சுவரின் அடியில் சேறும் உப்பும் தங்கும். அந்த ஈரம் தகட்டைக் குழி குழியாக அரித்துவிடும். கழுவும் துளைகளின் மூடிகளைக் கழற்றி, சேற்றைச் சுரண்டி எடுத்து, சூடான காற்றைச் செலுத்தி உலர்த்த வேண்டும். அப்புறம் உள்ளே தட்டுகளில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோ சுட்ட சுண்ணாம்போ வைத்து இறுக மூடலாம். ஆனால் அதை அவ்வப்போது மாற்ற ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் துளைகளைத் திறந்தே விட்டுக் காற்றோட விடுவது மேல்.

புகைபோக்கிக்கு மூடி கட்டாயம். ஐப்பசி மழை அதன் வழியே இறங்கி அதற்குக் கீழே புகை சேரும் ஸ்மோக் பாக்ஸின் அடியில் கிடக்கும் கரியையும் சாம்பலையும் நனைத்தால், நிலக்கரியில் இருந்த கந்தகம் அமிலமாகித் தகட்டைத் தின்னும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளக்கும் இஞ்சினிலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான். கெட்டுப்போயிருந்தால் விரலால் சுரண்டினாலே துரு செதில் செதிலாக உதிரும்.

சில மாதங்களில் மறுபடி ஓடப்போகும் இஞ்சினுக்கு நீர் நிரப்பி வைக்கும் முறை பொருந்தும். காற்றுக்கு இடமே இல்லாமல் மேல்வரை நிரப்ப வேண்டும். நீரில் காரத்தன்மையை (அமிலத்துக்கு எதிரானது) ஏற்றி, கரைந்திருக்கும் ஆக்சிஜனை நீக்க சோடியம் சல்ஃபைட் கலக்க வேண்டும். சேலத்து போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வெந்நீர் அண்டாவில் வெள்ளையாக ஏறும் அதே உப்பு, நெருப்பு மூட்டியதும், பாய்லருக்குள் சூடான புகை போகும் ட்யூப்களின் மேலும் ஏறும். எல்லாவற்றையும்விட மோசம், பாதித் தண்ணீரோடு அப்படியே விட்டுவிடுவது. நீர்மட்டக் கோட்டில் ஈரமும் காற்றும் சேர்ந்து துரு வேகமாகப் பிடிக்கும்.

ஓட்டுவதில் இருக்கும் சந்தோஷம் வேறெதிலும் இல்லை. 1855-இல் கட்டிய ஃபேரி குயின் என்ற நீராவி இஞ்சின் 1997-இல் மறுபடி ஓடியபோது நாடே பெருமைப்பட்டது. ஆனால் ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் தகடு விரிந்து சுருங்குகிறது. ட்யூப், இரட்டைச் சுவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி எல்லாம் தேய்கின்றன, மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்ற மாற்றப் பழைய உலோகம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் திருச்சி பொன்மலைப் பணிமனை ஊட்டிப் பாதைக்குப் புதிய எக்ஸ் வகை இஞ்சின்களைக் கட்டித் தந்தது எனக்கு அவ்வளவு பிடிக்கிறது. மலையேறும் வேலையைப் புதுசு பார்க்கட்டும். சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த பழசுகளில் ஒன்றிரண்டையாவது கூரைக்கு அடியில், நன்றாக உலர்த்தி நிறுத்தி வைக்க வேண்டும்.