ஐந்து வருடமாகப் பொழுதுபோக்கை வைத்து இங்கிலீஷ் படிக்கிறேன்: எது உதவியது, எது காலை வாரியது

நான் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓ.எல். பரீட்சையில் இங்கிலீஷுக்கு 'எஸ்', அதாவது வெறும் பாஸ், எடுத்தவள். ஏ.எல்.லில் பொது ஆங்கிலப் பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள் என்றே சொல்லலாம். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன், பில் எல்லாம் இங்கிலீஷில்தான் என்றாலும் அதற்கு நாற்பது சொல் தெரிந்தால் போதும், ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, லயக் காம்பிராவுக்குள்ளேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை) நாள் முழுக்கக் கிடந்தபோதுதான் மறுபடி ஆசை வந்தது. பொழுதுபோக்கு மூலம் இங்கிலீஷ் படியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எந்தப் பொழுதுபோக்கு என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தோற்றதை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலீஷ் படம்: தமிழ் எழுத்து கீழே ஓடினால் கண் அங்கேதான் போகும், காது தூங்கிவிடும். இங்கிலீஷ் எழுத்தோடு பார்த்தாலும் கதை இழுத்துக்கொண்டு போகிறது, பாதி வசனம் புரியாமலே யார் யாரைக் கொன்றான் என்று தெரிந்துவிடுகிறது, பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும்? நாவல்: பன்னிரண்டாம் பக்கம். அதற்கு மேல் போகவில்லை. ஒரு பக்கத்துக்கு முப்பது முறை அகராதி பார்த்தால் அது பொழுதுபோக்கா, தண்டனையா? போனில் தினமும் ஐந்து நிமிடம் விளையாடும் மொழிச் செயலி ஒன்றும் வைத்திருந்தேன். இருநூறு நாளுக்கு மேல் விடாமல் செய்தேன், ஒவ்வொரு நாளும் சபாஷ் சொன்னது. அப்புறம் ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு கொம்பனிக்காரர் கடைக்குப் போன் எடுத்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். முதலாளியின் மகனிடம் போனை நீட்டிவிட்டுப் பின்பக்கம் ஆணிப் பெட்டி அடுக்கப் போய்விட்டேன்.

இதில் எல்லாம் ஒரு விஷயம் பொது என்று பிறகுதான் பிடிபட்டது. நான் பிழை விட்டாலும் ஒன்றும் நடக்காது. படம் ஓடும், செயலி இன்னொரு தடவை முயற்சி செய் என்று பல்லைக் காட்டும், அவ்வளவுதான்.

பிழை விட்டால் காட்டிக்கொடுக்கிற பொழுதுபோக்கு எனக்குக் கிடைத்தது குரோஷேயில், கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னுகிற வேலை. நம்ம ஊர்க் குளிருக்குக் கம்பளித் தொப்பி எப்போதும் தேவை, அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிற நேரம் வேறு. முதலில் வீடியோ பார்த்துக் கைக்குப் பழக்கினேன், எல்லாம் அமெரிக்கக்காரிகள். பிறகு கோயிலில் (வேதக் கோயிலைச் சொல்கிறேன்) பழைய சாமான் விற்றபோது இங்கிலாந்தில் அச்சடித்த ஒரு பின்னல் புத்தகம் கிடைத்தது, அதைப் பார்த்துக் குழந்தைத் தொப்பி ஒன்று ஆரம்பித்தேன். கண்ணி எண்ணிக்கை சரி, வரிசை எண்ணிக்கை சரி, ஆனால் முடித்து அக்கா மகனுக்குப் போட்டால் தொப்பி நாடி வரை இறங்கிவிட்டது. அக்கா சிரித்த சிரிப்பில் பிள்ளை எழுந்து அழுதது. அவிழ்த்தேன். மறுபடி பின்னினேன், மறுபடி நாடி. மூன்றாம் தடவைதான் விஷயம் விளங்கியது. இங்கிலாந்துக்காரர் 'டபுள் குரோஷே' என்று சொல்வதை அமெரிக்கக்காரர் 'சிங்கிள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்காவின் 'டபுள்' இங்கிலாந்தில் 'ட்ரெபிள்'. நான் குட்டைக் கண்ணி போட வேண்டிய இடமெல்லாம் நெட்டைக் கண்ணி போட்டு வைத்திருக்கிறேன். ஒரு குறிப்பில் 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் எங்கேயாவது இருந்தால் அது அமெரிக்க முறை, இதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், உங்கள் பிள்ளையின் நாடி தப்பும்.

ஆனால் நான் சொல்லவந்த லாபம் அது இல்லை. பள்ளிக்கூடத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' எல்லாம் கோடிட்ட இடம் நிரப்பு என்று வரும், எனக்கு அது லொத்தர் சீட்டுச் சுரண்டுவது மாதிரி. நமக்குச் சொல்லுக்குப் பின்னால் 'இல்', 'ஆல்' என்று ஒட்டிக்கொண்டு வருவது அவர்களுக்கு முன்னால் தனிச் சொல்லாக வருகிறது என்று டீச்சர் சொன்னது மண்டையில் ஏறியது, வாயில் ஏறவில்லை. பின்னல் குறிப்பிலோ அந்தக் குட்டிச் சொற்கள்தான் முழு வேலையும். 'இன்டு த ஸ்டிச்' என்றால் ஊசி கண்ணிக்குள் போக வேண்டும். 'அரவுண்ட் த போஸ்ட்' என்றால் கண்ணியின் தண்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் தொப்பி விளிம்பில் அந்த மேடு பள்ளம் விழும். 'த்ரூ த பேக் லூப்' என்றால் பின்பக்க வளையத்தின் ஊடாக மட்டும். மூன்றையும் ஒரே மாதிரிச் செய்தால் மூன்று அங்குலம் பின்னின பிறகு துணியே சொல்லிவிடும், நீ பிழை என்று. ஒரு மாதத்தில் என் விரலுக்கு 'த்ரூ' வேறு 'அரவுண்ட்' வேறு என்று தெரிந்துவிட்டது, வாய் அதற்குப் பிறகு மெதுவாக வந்தது. இப்போது செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் நான் பின்னின தொப்பிகளை வைத்து விற்கிறார்கள். எப்படித் துவைப்பது, எப்படிக் காயப்போடுவது என்று இங்கிலீஷில் சீட்டு எழுதிக் கட்டுவது நானேதான்.

இரண்டாவது ஸ்க்ராபிள், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கோர்த்துப் புள்ளி எடுக்கிற ஆட்டம். இது தானாக வந்தது, 2022இல், நாடு முழுக்க இருட்டான நேரத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, போனுக்குச் சார்ஜ் இல்லை, ரீலோட் போடக் காசும் இல்லை. கிளாக்கர் ஐயா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார், தோட்டத்து ஸ்டோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழைய பலகை ஒன்றை விரித்தார். நூறு கட்டையில் ஒன்று தொலைந்துபோய் அதற்குப் பதில் தேயிலைப் பெட்டி அட்டையில் வெட்டின துண்டு ஒன்று இருந்தது.

ஸ்க்ராபிளில் ஒரு ஆபத்து உண்டு. அர்த்தமே தெரியாமல் இரண்டெழுத்துச் சொற்களை மனப்பாடம் பண்ணி ஆட்டத்தை வென்றுவிடலாம், இங்கிலீஷ் ஒரு அடி நகராது. ஐயா அதற்கு ஒரு சட்டம் வைத்தார்: வைக்கிற சொல்லை ஒரு வசனத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கட்டையைத் திருப்பி எடு. அந்தச் சட்டம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒருநாள் 'கியூ' என்ற சொல்லை வைத்தேன். ஓர் ஓசைக்கு ஐந்து எழுத்து எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம், அந்த முதல் எழுத்துக்கு மட்டும் பத்துப் புள்ளி. வசனம் தேட வேண்டியே இருக்கவில்லை, அன்றைக்கு அம்மா மண்ணெண்ணெய் கேனோடு வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். 'மை மதர் ஸ்டாண்ட் இன் த கியூ' என்றேன். ஐயா விரலைத் தூக்கினார். "நேற்றா, இன்றைக்கா, நாளைக்கா? 'ஸ்டூட்' சொல்லு புள்ள." அந்த 'ஸ்டூட்' எனக்குச் சாகும்வரை மறக்காது.

இன்னொன்று, 'எஸ்' எழுத்து மொத்தமே நாலுதான் இருக்கிறது பையில். அது கையில் வந்தால் யாருடைய சொல்லின் வாலில் ஒட்டலாம் என்று மனது அலையும். 'பிளக்' என்று ஐயா வைத்ததை நான் 'பிளக்ஸ்' ஆக்கி ஒரே நேரத்தில் இரண்டு சொல்லுக்குப் புள்ளி எடுத்தேன், அப்போது "அவள் கொழுந்து பறிக்கிறாள்" என்று வசனம் சொல்லியே ஆக வேண்டும், 'ஷீ பிளக்ஸ்'. 'ஷீ', 'ஹீ' வந்தால் வினைக்கு 'எஸ்' என்று பத்து வருடம் பள்ளியில் கேட்டும் விட்டுவிட்டுப் பேசின நான், புள்ளி ஆசையில் பழகிக்கொண்டேன்.

ஐயா 'மஸ்டர்' வைத்த ராத்திரி நல்ல ஞாபகம். என்ன சொல் இது என்று கேட்டேன். "விடிய நம்ம ஆளுக போய் நிக்கிற பெரட்டு இருக்கே, அதுதான். பெரட்டே பரேட்டில இருந்து வந்ததுதானே" என்றார். லயம் 'லைன்'. ஆள் பேர் பதிகிற செக்ரோல் அப்படியே இங்கிலீஷ். வீட்டு முன் திண்ணையைச் சொல்கிற இஸ்தோப்பு மட்டும் ஒல்லாந்தர் விட்டுப்போனதாம். இங்கிலீஷ் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே அம்மா முப்பத்தைந்து வருடம் இங்கிலீஷ் சொற்களுக்குள்தான் வேலை செய்திருக்கிறார். அதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ சம்பளத்தையும் இங்கிலீஷ்காரன் கணக்கிலேயே குடுத்திருக்கலாமே" என்றார்.

பறவை பார்ப்பதற்கு வந்தது 2023இல், கண்டியில் நடைபாதைக் கடையில் வாங்கின ஒரு பழைய இங்கிலீஷ் பறவை வழிகாட்டியோடு. இது எல்லாருக்கும் சரிவராது. காலையில் எழும்ப வேண்டும், அட்டைக் கடி வேண்டும், போகிற வருகிறவர்கள் "என்ன புள்ள மேல பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கேட்பார்கள். ஆனால் நிறச் சொல்லுக்கு இதை மாதிரி ஒன்று கிடையாது. 'ரூஃபஸ்' என்றால் என்ன என்று அகராதி பார்த்தால் செம்பழுப்பு என்று போட்டிருக்கும், எனக்கு அது பிளேன்டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற நிறம். 'பஃப்' பால் கூடின தேத்தண்ணி. மேல் கொத்மலை நீர்த்தேக்கத்து ஓரமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து, பார்த்ததைக் கொப்பியில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிவிட்டுப் பிறகுதான் புத்தகத்தைத் திறப்பேன். எழுதினது பிழை என்றால் பறவை தப்பாகிவிடும். காதோரம் மஞ்சள் கீற்று உள்ள கொண்டைக்குருவி ஒன்றை 'யெல்லோ நெக்' என்று எழுதி வைத்துப் புத்தகம் முழுக்கத் தேடியிருக்கிறேன். அது 'யெல்லோ இயர்ட் புல்புல்', நம்ம மலைநாட்டுக்கே உரியது, வேறு எந்த நாட்டிலும் கிடையாது. கழுத்துக்கும் காதுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகல் போனது.

2024 பெப்ரவரியில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனேன். குளிர்காலத்தில் காஷ்மீரிலிருந்து வருகிற ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி எல்லாம் அங்கே வரும், அதற்காகவே வெள்ளைக்காரர்கள் கமராவோடு வருவார்கள். ஆறுமணிக்குருவி நிலத்தில் தத்தித்தத்தி இலையைப் புரட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன், பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் மரத்தின் மேலே தேடிக்கொண்டிருந்தார். வாய் தானாகத் திறந்தது. "பிஹைன்ட் த ஹெட்ஜ், நியர் த டிரெய்ன், அண்டர் த லீவ்ஸ்." அவர் அப்படியே குனிந்தார், பார்த்தார், "ஆ" என்றார். பாராட்டெல்லாம் இல்லை, நன்றி சொல்லிவிட்டுக் கமராவைத் தூக்கினார். எனக்கு அது போதும், நான் சொன்ன இடத்தில் அவர் கண் போய் விழுந்ததே!

கிரிக்கெட் வர்ணனை பற்றிக் கேட்பீர்கள். அப்பா அதில்தான் வளர்ந்தவர். 2010 ஜூலையில் காலியில் முரளி 800ஆவது விக்கெட் எடுத்தபோது ரேடியோவோடு காம்பிராவுக்கு வெளியே ஓடி வந்து "கோட் பை மகேல" என்று கத்தினது அப்பாதான். அந்த ஒரு வரியில் 'பை' எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும், மற்றதெல்லாம் சனத்தின் சத்தத்தை வைத்தே புரிந்துகொள்வார். எனக்கும் அப்படித்தான் ஆகிறது. காதுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்ட அளவில் அது கிரிக்கெட்டைத் தாண்டி வரவில்லை. ஒரு தடவை கடைக்கு வந்தவரிடம் பைப்பின் அளவைச் சொல்லப் போய், பந்து விழுகிற இடத்துக்கு வர்ணனையில் சொல்கிற 'குட் லெங்த்' என்றுவிட்டேன்.

செலவு என்று பார்த்தால் பின்னல்தான் மலிவு, ஒரு 4 மில்லிமீட்டர் ஊசியும் இரண்டு உருண்டை நூலும் போதும், அவிழ்த்து அவிழ்த்துப் பின்னலாம். ஸ்க்ராபிளுக்குச் சட்டம் வைக்க ஒரு ஆள் வேண்டும், தனியாகப் போனில் ஆடினால் அந்தப் பலன் இல்லை, ஆடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பறவைக்குப் புத்தகமும் பொறுமையும்.

போன் மட்டும் இன்னும் தீரவில்லை. எதிரில் தொப்பியும் இல்லை, பலகையும் இல்லை, குருவியும் இல்லை, வெறும் குரல். போன மாதம் அதே கொழும்புக்காரர் திரும்ப எடுத்தார். இந்த முறை பெயின்ட் வாளி எங்கே இருக்கிறது என்று கேட்டார், 'பிஹைன்ட் த டோர்' என்று சொல்லிவிட்டேன். அடுத்த கேள்வி விலையைப் பற்றி. போனை முதலாளி மகனிடம் நீட்டினேன்.