'சீல் பிரிக்காத' பழைய விமான கிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு இணைய ஏலத்தில் பழைய பிளாஸ்டிக் விமான கிட்களை (துண்டு துண்டாக வரும், ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாதிரி விமானங்களை) வாங்கி ஒட்டுகிற நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும் புதிதாக இதில் இறங்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 'ஃபேக்டரி சீல்', 'ஒரிஜினல் 1960கள்', 'தாத்தாவின் பரணில் கிடைத்தது' என்ற மூன்றும் ஒரே விளம்பரத்தில் சேர்ந்து வந்தால் பணம் கட்டாதீர்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரே ஆளிடம் இரண்டு கிட் வாங்கினேன். இரண்டிலும் சொன்ன பொருள் வரவில்லை.

நான் வாங்குவது ஷோகேஸில் பூட்டி வைக்க இல்லை, ஒட்டத்தான். இப்போது வருகிற கிட்களில் காக்பிட்டுக்கு மட்டுமே முப்பது துண்டு இருக்கும். பழைய 1/72 அளவு (நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கு) கிட் அப்படி இல்லை. உடல் இரண்டு பாதி, இறக்கை மூன்று துண்டு, வால், சக்கரம், விமானி ஒருவர், கண்ணாடி ஒன்று. ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் விமானம் கையில் இருக்கும். இறக்கை முழுக்கப் புடைத்து நிற்கிற ரிவெட்டுகளைச் சிலர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் அழகு, அப்படியே விட்டுவிடுவேன். ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1952இல் கோல்டன் ஹைண்ட் கப்பல் கிட்டைப் பாலித்தீன் பையில் போட்டு, மேலே ஒரு காகிதத் தலைப்பு வைத்து, வுல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அதே பாணியில் வந்த சிறிய விமானங்கள்தான் எனக்கு உயிர். சீரிஸ் 1 என்ற அந்தச் சிறிய விமானங்கள் 1973 வரை அப்படிப் பையில்தான் வந்தன.

முதலில் வாங்கியது அந்தப் பை ரகம். ஃபியட் ஜி.50, இத்தாலியச் சண்டை விமானம். 1937இல் முதலில் பறந்தது. இத்தாலியைவிட ஃபின்லாந்துக்காரர்கள் கையில்தான் நல்ல பேர் வாங்கியது. ஏர்ஃபிக்ஸ் இதை 1960களின் பிற்பாதியில் வெளியிட்டது. விளம்பரப் படத்தில் பழைய தலைப்புக் காகிதம், அதன் மூலையில் ஒரு கடையின் விலைச் சீட்டு, பைக்குள் துண்டுகள். 'ஐம்பது வருடத்துக்கு மேல் யாரும் திறக்காதது' என்று எழுதியிருந்தது. 24 பவுண்டு, தபால் செலவு தனி.

பார்சல் வந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார், சின்ன வயதிலிருந்து இதைச் சேர்ப்பவர். அவரிடம் எடுத்துப் போனேன். பையைக் கையில் வாங்கியவர் பிளாஸ்டிக்கைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, முதல்ல அந்தக் கம்பியைப் பாருங்கோ" என்றார்.

தலைப்புக் காகிதத்தைப் பையோடு சேர்த்துக் குத்தியிருந்த இரண்டு ஸ்டேப்ளர் கம்பிகளும் புத்தம் புதிதாய் மின்னின. ஐம்பது வருடம் இந்த ஊர்ப் பரணில் கிடந்த கம்பி துருப் பிடிக்காமல் இருக்காது. துரு காகிதத்திலும் இறங்கிப் பழுப்புக் கறை விட்டிருக்கும். அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்துக் காகிதத்தைக் காட்டினார். அந்தக் காலத்து அச்சில் வண்ணப் புள்ளிகள் வரிசையாக, ஒரு ஒழுங்கில் நிற்கும். இதில் தெளித்தாற்போல் சிதறிக் கிடந்தன. வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது. மடிப்பின் ஓரத்தில் ஈர விரலை வைத்துத் தேய்த்ததும் சிவப்பு விரலில் ஒட்டிக்கொண்டது.

விலைச் சீட்டில் '15p', அதாவது பதினைந்து புதிய பென்ஸ், என்று இருந்தது. இங்கே ஷில்லிங் போய் தசம நாணயம் வந்தது 1971 பிப்ரவரி 15இல். 1960களில் வாங்கி பரணில் போட்டதாகச் சொல்லும் கிட்டில் அந்தச் சீட்டுக்கு என்ன வேலை? பழைய சரக்கைக் கடைக்காரர் பிறகு விலை மாற்றி விற்றிருக்கலாம், ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கம்பி, அச்சு, சீட்டு மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின.

பையைப் பிரித்தோம். உள்ளே இருந்தது வெளிர் சாம்பல் பிளாஸ்டிக். ஏர்ஃபிக்ஸ் இப்போது ஹார்ன்பி கம்பெனியின் கையில் இருக்கிறது. பழைய வார்ப்பு அச்சுகளையே மறுபடி எடுத்து வார்த்து, 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையில் சுமார் விலைக்கு விற்கிறார்கள். ஜி.50யும் அதில் வந்தது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுப் பழைய கிட் ஆக்கிவிட்டார்கள் என்பது டெகால் தாளை (தண்ணீரில் நனைத்து விமானத்தில் ஒட்டுகிற சின்னங்கள், எண்கள் உள்ள தாள்) பார்த்ததும் உறுதியாகிவிட்டது. தாள் பளிச்சென்று வெள்ளை, படலம் மெல்லியது, எழுத்துகள் கூர்மை. அந்த வயது டெகால் மஞ்சளித்துத் தடித்துப் போயிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாளின் ஒரு மூலை கத்தரிக்கோலால் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. பொருள் எண் அச்சடிக்கிற மூலை அது. அந்த வெட்டைப் பார்த்த பிறகு, தெரியாமல் விற்றார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுவார்ப்பு மட்டமான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. விண்டேஜ் கிளாசிக்ஸ் என்று பெயர் போட்டு விற்றால் நானே சந்தோஷமாக வாங்கி ஒட்டுவேன். அதே அச்சு, அதே ரிவெட்டு. அந்த விலைக்கு வாங்கவேண்டிய பொருளை இரண்டு மூன்று மடங்குக்கு, வேறு காலத்தின் பெயரைச் சொல்லித் தலையில் கட்டுவதுதான் மோசடி. பழைய வார்ப்பைத் தேடுகிறவர்கள் பிளாஸ்டிக்கின் நிறத்துக்கும் அந்தப் பையின் வாசனைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.

இரண்டாவது கிட்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஃப்ராக் கம்பெனியின் வல்டி வெஞ்சன்ஸ். இரண்டு பேர் உட்காரும் அமெரிக்க டைவ் பாம்பர், அதாவது தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடுகிற விமானம். இந்திய விமானப்படையின் 7ஆம், 8ஆம் ஸ்குவாட்ரன்கள் 1943-44இல் பர்மா முனையில் ஓட்டியது இதைத்தான். அந்த முனையில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்ட முத்திரையில் நடுவில் சிவப்பு இருக்காது. ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நம்மவர்களே நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக நீலமும் வெளிர் நீலமும் மட்டும் வைத்தார்கள். அப்படி ஒரு வெஞ்சன்ஸை, 8ஆம் ஸ்குவாட்ரன் விமானமாக, என் மேசையில் நிறுத்த வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

38 பவுண்டு. 'கண்ணாடித்தாள் சுற்றிய ஃபேக்டரி சீல், உள்ளே எல்லாம் முழுமை' என்று விளம்பரம். ஏலம் முடிவதற்கு முன்னால் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "சீலைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்று பதில். பெட்டியின் நாலு பக்கத்தையும் கேட்டேன், இரண்டு பக்கம் மட்டும் வந்தது.

வராத பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. பெட்டியின் ஓரத்தில் யாரோ விலைச் சீட்டைப் பிய்த்து எடுத்த தடம்; மேல் காகிதம் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தத் தடம் கண்ணாடித்தாளுக்கு அடியில் இருந்தது. கடையில் விலைச் சீட்டு ஒட்டி, பிறகு ஒருவர் அதைப் பிய்த்து, அதற்கும் பிறகுதான் இந்தத் தாள் சுற்றப்பட்டிருக்கிறது. தொழிற்சாலைக்கும் இந்த சீலுக்கும் சம்பந்தமே இல்லை. சுருங்கும் பிளாஸ்டிக் தாள் சுருளாக விற்கிறது, சூடு காற்று அடிக்கும் துப்பாக்கி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. பத்து நிமிட வேலை. பழைய அட்டைப் பெட்டியில் அதைச் செய்தால் தாள் இறுகும்போது மூலைகள் உள்ளே வளையும், இதிலும் வளைந்திருந்தது.

திறந்தால் வெஞ்சன்ஸின் நீளமான கேனோபி இல்லை. அந்த விமானத்தின் முகமே அந்தக் கண்ணாடிக் கூண்டுதான். அது இல்லாமல் ஒட்டினால் என்ன விமானம் என்றே தெரியாது. செயல்முறைத் தாள் ஜெராக்ஸ். டெகால் தாளை விரித்தேன், கறுப்பு ஜெர்மன் சிலுவைகள்! வேறு ஏதோ கிட்டின் மிச்சத்தைப் போட்டு எடையைச் சரிக்கட்டியிருக்கிறார்.

பிளாஸ்டிக்கும் பெட்டியோடு பிறந்ததாகத் தெரியவில்லை. 1970களில் ஃப்ராக் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போயிற்று. ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவை ரெவெல் என்ற இன்னொரு கிட் கம்பெனியின் கைக்குப் போயின. சோவியத் வார்ப்புகள் முதலில் 'நோவோ' என்ற பெயரில் வெளிவந்தன, அப்புறம் அங்கேயே பொம்மையாகப் பல பெயர்களில், மட்டமான பைகளில் விற்றன. அச்சு தேயத் தேய இரண்டு பாதிகளும் சரியாகப் பொருந்தாமல் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பிதுங்கிப் பிசிறு தட்டும். எனக்கு வந்த இறக்கையின் ஓரத்தில் நகம் அகலத்துக்குப் பிசிறு தொங்கியது. நிறமும் சீராக இல்லை, பழுப்பு ரேகை ஓடியது. ஃப்ராக் பெட்டிக்குள் சோவியத் வார்ப்பைப் போட்டிருக்கிறார் என்பது என் முடிவு. அண்ணனும் அதையேதான் சொன்னார்.

பெட்டி மட்டும் நிஜம். காலிப் பெட்டிக்குத் தனியாகச் சந்தை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காலிப் பெட்டியும் பழைய தலைப்புக் காகிதமும் ஏலத்தில் விற்பதைப் பார்த்தால், யார் வாங்குகிறார்கள், எதற்கு என்று யோசியுங்கள்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "சீல் போட்டிருந்ததால் நானும் உள்ளே பார்க்கவில்லை, நான் தனிநபர், ரிட்டர்ன் கிடையாது" என்று பதில் வந்தது. இந்த இடத்தில் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். தனிநபர் விற்றாலும் பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். 'ரிட்டர்ன் இல்லை' என்று எழுதிவிட்டால் பொய் விளம்பரம் செல்லுபடியாகிவிடாது. தவிர, அவருடைய பழைய விற்பனைகளைப் புரட்டினேன். வரிசையாகப் 'பரணில் கிடைத்த' கிட்கள், எல்லாமே சீல். ஒரு தாத்தாவிடம் அத்தனை கிட் இருந்திருக்காது. அது வியாபாரம். வியாபாரி என்றால் இணையத்தில் வாங்கிய பொருளுக்கு, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஏலத் தளத்தில் 'விளம்பரத்தோடு பொருந்தவில்லை' என்று புகார் போட்டேன். வெஞ்சன்ஸுக்குப் பணம் திரும்பியது. ஜெர்மன் சிலுவைப் படத்துக்குத் தளத்துக்காரர்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஜி.50 விஷயத்தில் 'பழையதா புதியதா என்று எங்களால் முடிவு செய்ய இயலாது' என்று கையை விரித்தார்கள். அதற்கு வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கேட்டிருக்கிறேன், இன்னும் நடக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கினால் செக்‌ஷன் 75 என்ற பாதுகாப்பு உண்டு, ஆனால் பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டினால்தான். நம் கிட்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். சார்ஜ்பேக்குக்கு அந்த வரம்பு இல்லை, டெபிட் கார்டுக்கும் உண்டு. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொன்னால் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், இந்த வழிகள் எல்லாம் அடைபட்டுப் போகும்.

ஒட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் திறந்த பெட்டியையே தேடுங்கள். துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்துப் போடுகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். விலையும் குறைவு, என்ன இருக்கிறது, இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். கேனோபிக்குத் தனிப் படம் கேளுங்கள். உடைந்திருந்தால் அதுதான் முதலில் உடைந்திருக்கும், காணாமல் போவதும் அதுதான். துண்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தால் அது பிளாஸ்டிக்கில் ஒட்டித் தடம் பதித்திருக்கிறதா என்று கேளுங்கள். டெகால் மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி வெயில் காட்டினால் சில வாரத்தில் வெளுத்துவிடும். தண்ணீரில் போட்டதும் நொறுங்கும் என்று தோன்றினால், மேலே டெகால் ஃபிலிம் திரவத்தை ஒரு பூச்சு தடவிக் காயவிட்டு அப்புறம் நனையுங்கள். நல்ல பழைய டெகாலுக்கு மஞ்சள் அழகு. பளீர் வெள்ளை வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நேற்று அதே ஆள் வேறு பெயரில் மறுபடி கடை போட்டிருப்பதைப் பார்த்தேன். பெயர் மாறினாலும் பின்னால் தெரிகிற பூப்போட்ட மேசை விரிப்பு அதேதான். தளத்துக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. சந்தேகமான விளம்பரம் கண்ணில் பட்டால் ஏலம் கேட்பதற்கு முன்னால் படத்தை எனக்கு அனுப்புங்கள், அண்ணனிடமும் காட்டிச் சொல்கிறேன்.

வெஞ்சன்ஸ் துண்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று தளம் சொல்லிவிட்டது. பிசிறைச் சீவிவிட்டு ஒட்டலாம் என்று இருக்கிறேன். ஃப்ராக் அல்லது நோவோ வெஞ்சன்ஸின் கேனோபி யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். வாக்யூம் ஃபார்ம் செய்தது (சூடாக்கிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை அச்சின் மேல் உறிஞ்சி எடுத்தது) என்றாலும் பரவாயில்லை.