போர்வெல்லை ஆழப்படுத்துவதா, சொட்டுநீரா, குட்டையா, பயிர்மாற்றமா?

கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கினால், எதில் பணம் போடுவது என்ற குழப்பம் வந்துவிடும். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் 20 மணி நேரம் ஓட வேண்டும். நம் கிணறு இப்படி எத்தனை பாய்ச்சல் தாங்கும் என்று தெரிந்துகொண்டு மற்றதைப் பேசலாம்.

போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கினால் அந்தப் பருவம் தப்பிக்கலாம். ஆனால் அடியில் இருக்கும் நீர் பக்கத்து வயலுக்கும் பொது. ஒருவர் இறக்கினால் அடுத்தவரும் இறக்குவார். நீர்மட்டம் கீழே போகப் போக, அதே தண்ணீரைத் தூக்க மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். பாறைப் பகுதியில் ஊற்று தட்டுப்படாமலே போகலாம். எல்லா வழியையும் பார்த்த பிறகு கடைசியாக யோசிக்க வேண்டியது இது.

சொட்டுநீர் அப்படியல்ல. வயலில் பரவலாகப் பாய்ச்சினால் விட்ட தண்ணீரில் சுமார் 60 சதவீதம்தான் பயிருக்குப் போய்ச் சேரும். சொட்டுநீரில் 90 சதவீதம் வரை சேரும். காய்கறி, பருத்தி, கரும்பு, தோட்டப் பயிர் என்றால் தயங்காமல் போடலாம். களை குறையும், உரத்தையும் தண்ணீரோடு விடலாம். வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும், உப்புத் தண்ணீர் என்றால் அடைப்பு வரும், கடைசிச் செடி வரை நடந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை.

பெரிய ஆபத்து மிச்சமாகும் தண்ணீரில் இருக்கிறது. அது கையில் இருக்கும்போது இன்னும் ஒரு ஏக்கர் சேர்க்கத் தோன்றும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தெளிப்புநீர்க் கருவிகளைச் சிக்கனமானவையாக மாற்ற மானியம் கொடுத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது நிலத்தடி நீர் எடுப்பது குறையவில்லை, கூடியிருந்தது. அதிகம் தண்ணீர் குடிக்கும் பயிருக்கும் கூடுதல் பரப்புக்கும் விவசாயிகள் போய்விட்டார்கள். பரப்பைக் கூட்டாதவருக்குத்தான் சொட்டுநீர் கிணற்றைக் காப்பாற்றும்.

பண்ணைக்குட்டை மழை உள்ள இடத்துக்கு நல்ல துணை. மேலே 20 மீட்டர் சதுரம், 3 மீட்டர் ஆழம், சரிவான கரை என்றால் சுமார் 8.75 லட்சம் லிட்டர் பிடிக்கும். மேலே சொன்ன கணக்கில் ஒரு ஏக்கருக்கு நாலு பாய்ச்சல்தான். வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் நிறைந்த குட்டையில் 2,000 லிட்டர் போய்விடும். பூக்கும் நேரத்தில் பயிரைக் காப்பாற்ற இதை வைத்துக்கொள்ளலாம், முழுப் பருவத்துக்கு நம்ப முடியாது.

நெல்லுக்கு காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையில், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைக்கிறார்கள். உள்ளே தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் கட்டினால் போதும். விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலைக் காயவிடக் கூடாது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வழி வேறு இல்லை.

பயிரை மாற்றுவதுதான் மனசுக்கு மிகவும் கஷ்டமானது, ஆனால் எனக்கு அதிக நம்பிக்கை தருவதும் அதுதான். கரும்புக்குப் பருவம் முழுக்க 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் நீர் வேண்டும். சோளத்துக்கு 450 முதல் 650 போதும். எந்தக் கருவியும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. அதே கான்சாஸில், ஷெரிடன் பகுதி விவசாயிகள் தாங்களே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தமாக 55 அங்குலத்துக்கு மேல் பாய்ச்சுவதில்லை என்று வரம்பு கட்டினார்கள். மக்காச்சோளத்தைக் குறைத்துச் சோளம் போட்டவர்களும் உண்டு. நீர் எடுப்பதை 20 சதவீதம் குறைப்பது என்ற இலக்கு நிறைவேறியது, வருமானமும் பெரிதாக அடிபடவில்லை.

சரி, பயிர் ஏற்கெனவே நிற்கிறது, தண்ணீர் பாதிக்குத்தான் வரும் என்றால்? முழு வயலுக்கும் பங்கு போட்டால் பூக்கும் நேரத்தில் எல்லாமே ஒன்றாக வாடும். ஒரு பகுதியை இப்போதே தீவனத்துக்கு அறுத்துவிட்டு, மிச்சத்தில் மண்ணை வைக்கோல், இலைதழையால் மூடி (மூடாக்கு) முழுத் தண்ணீரும் கொடுங்கள்.